ஏரியல் ஒயர் போன வழி

"வெட்டு பாய்" என்றார் என் வீட்டுக்காரர்.

அன்வர் பாய் வெட்டவில்லை. காரின் இடது பக்க முன்கதவு திறந்திருந்தது. பாய் தரையில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் குந்தியிருந்தார். கையில் தோல் சீவும் கத்தி. அவருக்கு எதிரே, கால் நீட்டும் இடத்தின் பக்கச் சுவரில், அவரே இழுத்து ஒட்டிய பழுப்புத் தோல் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் படிந்திருந்தது. அந்தத் தோலுக்கு அடியில்தான் ரேடியோவின் ஏரியல் ஒயர் போகிறது.

"இத வெட்டுனா அவ்ளோதான் தனபாலு. இதே கலர்ல வேற தோலு கெடைக்காது. திரும்ப ஒட்ட நான் வரமாட்டேன். இதுக்கு மட்டும் இல்ல, உன் வூட்டுப் பக்கமே வரமாட்டேன்."

"வராட்டி போ."

நான் டீ தம்ளர்களோடு நின்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி வெயில். ஷெட்டுக்குள் புது பெயின்ட் வாசனையும் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனையும் கலந்து தலையைச் சுற்றியது. தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் காரின் மேல் வைக்கப் போனேன். "பெயின்ட்டு!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அன்று காலையில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

குறை பார்ப்பது என் தொழில்

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் நான் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. நான் அங்கே தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். ஷூவின் மேல்தோல் தைத்து வந்ததும் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருக்கிறதா, மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த தழும்பு தெரிகிறதா, ஒரு கால் ஒரு நிறம் மறு கால் ஒரு நிறமாக இருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் வெள்ளிப் பேனாவால் ஒரு வட்டம் போட வேண்டும்.

ஆக, குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். வீட்டிலும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை என்று என் மருமகள் சொல்வதாகக் கேள்வி. நேரில் சொன்னதில்லை.

இவர், அதாவது என் வீட்டுக்காரர் தனபால், தோல் பதனிடும் டேனரியில் ஷேவிங் மிஷின் ஓட்டியவர். ஈரத் தோலை எல்லா இடத்திலும் ஒரே கனமாகச் சீவித் தள்ளுகிற மிஷின் அது. உருளையில் சுற்றிச் சுற்றிக் கத்தி இருக்கும். தோல் அதில் படும்போது வருகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். பிறகு அந்தப் பிரிவுக்கே மேஸ்திரி ஆனார். ஒரு மிஷினுக்குப் பதில் ஒரு வரிசை மிஷின்களுக்கு நடுவில் நிற்பது என்பதுதான் அந்தப் பதவி உயர்வு.

அன்வர் பாயும் இவரும் ஒரே நாளில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள். பாய் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. "அந்த சத்தத்துல இன்னொரு மாசம் இருந்தா எனக்கு கழண்டுடும் தனபாலு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர், பைபாஸ் ரோட்டில் கார் சீட் தைக்கும் கடை போட்டார்.

வேலைதான் பிரிந்தது, ஆட்கள் பிரியவில்லை. ரம்ஜானுக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. பொங்கலுக்கு அவர்கள் வீட்டில் எரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் நான் மாமியாரைவிட பாய்க்குத்தான் அதிகம் பயந்தேன். அவரைக் கேட்காமல் இவர் ஒரு சட்டைகூட எடுக்க மாட்டார். அந்த மனிதரைப் பார்த்து இவர் "வராட்டி போ" என்று சொன்னார். இரண்டு பேருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இந்த வயதில் இப்படி ஒரு நட்பு அறுந்தால் மறுபடி முடிச்சுப் போட நாள் இருக்காது.

கோழி அடைந்த வண்டி

ஓய்வு பெற்றவர்கள் நடைப்பயிற்சி போவார்கள், கோயில் கமிட்டியில் சேர்வார்கள். இவர் கார் வாங்கினார். அதுவும் ஓடாத கார்.

நெமிலிப் பக்கம் ஒரு நெல் மிஷினுக்குப் பின்னால் நின்றிருந்த பழைய அம்பாசடர் அது. பின்சீட்டில் கோழிகள் அடைந்துகொண்டிருந்தன. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் இறக்கியபோது உள்ளே இரண்டு முட்டைகள் உடையாமல் இருந்தன. பாய் அவற்றை எடுத்து என் கையில் கொடுத்து, "வண்டி வரும்போதே சீதனத்தோட வந்துக்குது தங்கச்சி" என்றார்.

வண்டிக்கு ஷெட் போட்டார்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்தார்கள். இஞ்சினைப் பிரித்துச் சேர்த்தார்கள். எங்கள் வீட்டில் நல்ல பாத்திரம் எதுவும் பாத்திரமாக மிஞ்சவில்லை. எல்லாவற்றிலும் போல்ட் ஊறிக்கொண்டிருந்தது.

ரேடியோ விஷயத்தில் மட்டும் இவர் பிடித்த பிடியை விடவில்லை. பெங்களூரிலிருந்து எங்கள் பையன் சின்னதாக ஒரு ஸ்பீக்கரை வாங்கி அனுப்பினான். போனில் பாட்டுப் போட்டு அதில் கேட்கலாம் என்றான். இவர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. திருப்பத்தூர் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, பொத்தான் வைத்த அந்தக் காலத்து கார் ரேடியோ ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்.

காரணம் இருக்கிறது. டேனரியில் சேர்ந்த புதிதில் முதலாளியின் காரில் இப்படி ஒரு ரேடியோ இருந்ததாம். மத்தியானத்தில் டிரைவர் கதவைத் திறந்துவைத்துப் பாட்டுப் போடுவாராம். சாப்பாட்டுத் தூக்கோடு இவரும் பாயும் போய் அந்தக் காரின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். டிரைவர் நல்லவர், விரட்ட மாட்டாராம்.

"நம்ம வண்டில ரேடியோ பாடணும். நீ முன் சீட்ல உக்காரணும். விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போயி ஒரு கும்பிடு போட்டுட்டு வரணும்" என்று பாயிடம் சொல்லியிருந்தார். ரேடியோ பாடும்வரை வண்டி ஷெட்டை விட்டு நகராது என்பதும் அதில் சேர்த்தி. என்னைப் பின்சீட்டில் உட்கார வைப்பதாக உத்தேசம். அதை என்னிடம் தனியாகச் சொல்லவில்லை.

முதல் வழி

முன்பக்க இடது மட்காடின் மேல் ஏரியல் கம்பி. அதற்குக் கீழிருந்து ஒரு ஒயர் கிளம்பி டேஷ்போர்டில் இருக்கும் ரேடியோவுக்குப் போய்ச் சேர வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஒரு கை நீளம்தான் தூரம். இந்த ஒரு கை நீளத்துக்குத்தான் எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலமே போனது.

கார் எலக்ட்ரீஷியன் முரளி முதலில் குறுக்கு வழியில் விட்டார். இஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில் மற்ற ஒயர்கள் நுழைகிற ஓட்டை இருக்கிறது. அதிலேயே இதையும் நுழைத்துவிட்டார். இஞ்சின் ஓடாதபோது ஏதோ முனகியது. இஞ்சினைப் போட்டதும் ரேடியோ கொர்ர்ர் என்றது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறியது.

"இஞ்சின்ல பொறி தட்டுற காயில் ஒயர் பக்கத்துல போவுது சார். அதோட சத்தத்த எல்லாம் ஆன்டெனா வாங்கிக்குது. வழிய மாத்தணும்" என்றார் முரளி. இவர் ஏரியல் என்பார், முரளி ஆன்டெனா என்பார். கடைசிவரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாவது வழி சுற்று வழி. மட்காடின் உள்பக்கமாகவே போய், கதவுக் கீல் இருக்கும் தூணில் ஒரு ஓட்டை போட்டு ரப்பர் புஷ் வைத்து, கால் நீட்டும் இடத்தின் பக்கச் சுவர் வழியாக மேலே ஏறி ரேடியோவின் முதுகுக்குப் போவது. ஓட்டைக்கு முன்னால் ஒயரைக் கொஞ்சம் தொங்கலாக விட வேண்டும், அப்போதுதான் மழைத் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும் என்று முரளி விளக்கினார். எனக்குப் பிடித்திருந்தது. குறை வருவதற்கு முன்பே யோசிக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பக்கச் சுவரில் பாய் ஏற்கெனவே தோல் ஒட்டி முடித்துவிட்டார். சீட், கதவு, பக்கச் சுவர் எல்லாம் ஒரே தோல். வாணியம்பாடியில் அவருடைய சம்பந்தியின் டேனரியில் ஒரே தடவையில் சாயம் ஏற்றிய சின்ன லாட். எங்கள் பக்கத்தில் லாட் என்ற வார்த்தைக்குத் தனி மரியாதை உண்டு. ஒரே சாயம், ஒரே அளவு, ஒரே ஆள் போட்டாலும் அடுத்த லாட் அதே நிறத்தில் வராது. ஒரு லாட் தீர்ந்தால் அந்த நிறமே உலகத்திலிருந்து தீர்ந்தது என்று அர்த்தம். அந்த லாட் தீர்ந்துவிட்டது.

பாய் முகத்தைச் சுளித்தபடியே சூடு காட்டி, தோலை நோகாமல் உரித்துக் கொடுத்தார். முரளி ஒயரை விட்டார். பாய் மறுபடி இழுத்து ஒட்டினார்.

"ஒரு தடவதான் வரும். ரெண்டாவது தடவ உரிச்சா கிழிஞ்சிடும், சொல்லிட்டேன்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

சோக்கான வாஷர்

வழியை மாற்றியதும் கொர்ர்ர் போய்விட்டது. ஆனால் பாட்டும் இல்லை. வெறும் ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சல் மட்டும் வந்தது. முரளி ஒயரை மாற்றினார். ரேடியோவைக் கழற்றித் துடைத்தார். வேறு ரேடியோ கொண்டுவந்து போட்டுப் பார்த்தார். அதுவும் ஸ்ஸ்ஸ்.

அப்போது ஒரு நாள் நல்ல மழை. ஷெட்டின் ஒரு ஓரம் ஒழுகி, மட்காடின் மேல் தண்ணீர் கொட்டியிருந்தது. சாயங்காலம் இவர் சும்மா ரேடியோவைத் திருப்பினால், சென்னை நிலையம் கணீரென்று பாடுகிறது! ஓடிப் போய் பாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாய் வரும்வரை பாடியது. மறுநாள் வெயில் வந்ததும் மறுபடி ஸ்ஸ்ஸ்.

"நனைஞ்சா பாடுது, காஞ்சா வாய மூடிக்குது. இன்னா வண்டிப்பா இது" என்றார் பாய்.

முரளி ஏரியலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதன் அடியைத் தொட்டு, "இது இன்னா பாய்?" என்றார்.

"வாஷர். தோல் வாஷர். மீதித் துண்டுல நானே வெட்டுனேன். சோக்கா இல்ல?"

உண்மையிலேயே சோக்காகத்தான் இருந்தது. ஏரியலின் இரும்பு அடிப்பகுதி புது பெயின்ட்டைக் கீறிவிடக்கூடாது என்று, சீட்டில் மீந்த தோலில் பாய் வட்டமாக ஒரு வாஷர் வெட்டி, ஓரம் சீவி, நடுவில் துளை போட்டு அடியில் கொடுத்திருந்தார். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினோம். குறை பார்க்கிற நானும் பாராட்டினேன்.

எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். தண்ணீர்க் குழாய் சொட்டினால் தோல் துண்டு, மேஜை ஆடினால் காலுக்கடியில் தோல் துண்டு, தையல் மிஷின் சத்தம் போட்டால் அடியில் தோல் துண்டு. இரண்டு பொருள் ஒன்றை ஒன்று தொடுகிற இடத்தில் தோல் இல்லாவிட்டால் எங்களுக்குக் கை அரிக்கும்.

ஆனால் ஏரியலின் அடி வண்டியின் இரும்பைத் தொட்டே ஆக வேண்டுமாம். அப்போதுதான் எர்த் கிடைக்குமாம். தோல் நடுவில் உட்கார்ந்து அதைத் தடுத்திருக்கிறது. மழையில் நனைந்தபோது மட்டும் ஈரத்தின் வழியாக எர்த் கிடைத்துப் பாடியிருக்கிறது.

முரளி வாஷரைக் கழற்றி, அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பின் மேல் நேராக ஏரியலை முடுக்கி, துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவினார். சுரண்டும்போது பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வாஷரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முகம் சிறுத்துப் போயிருந்தது.

ரேடியோ பாடியது. மழையும் இல்லை, ஈரமும் இல்லை, தெளிவாகப் பாடியது. நான் கேட்டேன், முரளி கேட்டார், பாய் கேட்டார்.

"இரைச்சல் இன்னும் போவலியே" என்றார் இவர்.

சத்தமாகப் பேசுகிறவர்கள்

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். டேனரியில் மிஷின் பக்கம் வேலை செய்தவர்கள் எல்லோரும் சத்தமாகத்தான் பேசுவார்கள். எங்கள் தெருவில் மாமனார்கள், கொழுந்தனார்கள், எதிர்வீட்டுக்காரர் எல்லோரும் அப்படித்தான். வெளியூரிலிருந்து பெண் கொடுக்க வருகிறவர்கள் முதல் நாள் பயந்துபோவார்கள், சண்டை நடக்கிறது என்று. சண்டை இல்லை, மோர் கேட்கிறார்கள் என்று நாங்கள் சொல்லிப் புரியவைப்போம்.

மிஷினுக்குப் பக்கத்தில் குரல் எடுபடாது என்பதால் கையாலும் பேசுவார்கள். இவர் வீட்டுக்கும் அதைக் கொண்டுவந்துவிட்டார். தோசை மொத்தமாக இருந்தால் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் கனம் காட்டுவார், தோலுக்குக் காட்டுவது போல. நானும் பதிலுக்குக் கையைக் காட்டுவேன். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு கையிலேயே முடிந்துபோகும். டிவியை உரக்க வைப்பார். தெருவே உரக்க வைக்கும்போது அதில் என்ன குறை காண்பது?

ஆகவே "இரைச்சல் இருக்கு" என்று இவர் சொன்னபோது இரைச்சல் இருக்கிறது என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். எனக்குக் கேட்கவில்லைதான். எனக்கு ரேடியோ பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். முரளி மறுபடி மறுபடி வந்து பார்த்தார். "எனக்கு க்ளீனா கேக்குது சார்" என்றார். இவர் அவரைப் புதுப் பையன் என்றார். முரளிக்கு நாற்பது வயது.

இவர் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். வாஷரைக் கழற்றிய கோபம் பாய்க்கு இருக்கிறது. ஆனால் தோல் ஒட்டியது அதற்கும் முன்னால். ஆகவே அது, முதலில் ஒட்டியதை உரிக்கச் சொன்ன கோபம். அந்தக் கோபத்தில் தோலை வெறியோடு இழுத்து ஒட்டியதில் அடியில் ஒயர் நசுங்கியிருக்கிறது.

இதை இவர் பாயின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பாய் ஒரு வாரம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தார், வரும்போதே கத்தியோடு. "எதுர்ல நின்னு பேசிக்கலாம்" என்றார். அந்த ஞாயிறுதான் நான் டீ தட்டோடு நின்ற ஞாயிறு.

கழற்றி வைத்த பேட்டரி

"வராட்டி போ" என்று சொல்லியாகிவிட்டது. இவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாய் சாக்கின் மேல். நான் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன். சண்டை முடிகிறவரை நிற்க முடியாது, எனக்கு முழங்கால் வலி.

முரளி வண்டிக்கு முன்னால் இருந்தார். பானெட் தூக்கியிருந்ததால் அவர் என்ன செய்கிறார் என்று முன்சீட்டிலிருந்து தெரியாது. நான் உள்ளே ஏறும்போது பார்த்தேன். எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பேட்டரியைக் கழற்றித் தரையில் இறக்கி வைத்திருந்தார். வண்டிக்குள் ஒரு சொட்டு கரண்ட் கிடையாது. அதுவரை பாடிக்கொண்டிருந்த ரேடியோவின் சின்ன மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது.

இவர் ஒரு கையைத் தூக்கினார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.

"தோ. இப்ப கேளு பாய். பாட்டு நின்னு போச்சா? ஆனா இரைச்சல் நிக்கல பாரு. ஸ்ஸ்ஸ்னு வருது பாரு. நல்லா கேளு. ஒயர் நசுங்கலன்னா இது எப்டி வரும்?"

முரளி பானெட்டின் ஓரமாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். பாய் அணைந்த விளக்கைப் பார்த்தார், எழுந்து முன்பக்கம் எட்டிப் பார்த்தார், தரையிலிருந்த பேட்டரியைப் பார்த்தார். மறுபடி வந்து சாக்கின் மேல் உட்கார்ந்தார்.

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். ஒரு வாரம் திட்டு வாங்கியவர். தப்பு தன் மேல் இல்லை என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

"ஆமா தனபாலு" என்றார் பாய். "கேக்குது. நான்தான் ஜாஸ்தி இழுத்துட்டேன் போல. பிரிச்சிடலாம், இரு."

கத்தியின் நுனியைத் தோலின் மேல் ஓரத்தில் வைத்தார். உண்ணித் தழும்பு ஒன்றுகூட இல்லாத தோல் அது. தன் தோஸ்த்திடம் உண்மையைச் சொல்வதைவிடத் தோலைக் கிழித்துவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"பாய், கத்திய எடுங்க" என்றேன். "எடுங்கண்ணே."

இறங்கிப் போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். "இன்னாடி?" என்றார் இவர். கையைப் பிடித்து இறக்கி, வண்டிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். பேட்டரியைக் காட்டினேன். கழற்றிய ஒயர்கள் இரண்டும் ஒன்றையும் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

"எப்ப கழட்டுன?" என்று முரளியிடம் கேட்டார்.

"கொஞ்சம் முன்னாடியே சார். நீங்க பேசிட்டிருந்தீங்க."

இவர் பேட்டரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். மிஷின் ஓட்டியவர். கரண்ட் இல்லாவிட்டால் எதுவும் ஓடாது என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு விரலால் வலது காதை அடைத்துப் பார்த்தார், பிறகு இடது காதை. பிறகு இரண்டையும்.

"இது உங்களுக்குக் கேக்கலயா?" என்றார்.

நான் இல்லை என்று கையைக் காட்டினேன்.

"ரிட்டயர் ஆனதுல இருந்து கேக்குது. மிஷின் சத்தம் இல்லாம வூட்ல உக்காந்தா, வூடு இப்டித்தான் இரைச்சலா இருக்கும் போலன்னு நெனச்சேன். எல்லாருக்கும் இருக்குன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. இந்தத் தொடரில் நான் அதிகம் அழுததில்லை, வாசகர்கள் கவனித்திருப்பார்கள். அன்று அழுதேன். ஒரே கட்டிலில் பக்கத்தில் படுத்திருக்கிறேன். இருட்டில் நான் நிம்மதியாகக் கண்ணை மூடிய ஒவ்வொரு முறையும் பக்கத்தில் அந்த ஸ்ஸ்ஸ் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

பாய் வந்து இவர் தோளில் கை போட்டார். "பொய் இன்னாத்துக்கு பாய் சொன்ன?" என்றார் இவர். "சும்மா இரு" என்றார் பாய். முரளி ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

விரிஞ்சிபுரம்

வேலூரில் காது டாக்டர் ஒரு பெண். என் மருமகள் வயது இருக்கும். உள்ளறையில் இவர் காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாராம். கீச்சென்ற சத்தங்கள் வரும் இடங்களில் இவர் அழுத்தவே இல்லையாம். அந்தப் பகுதி போய்விட்டது, திரும்பாது என்றார். காதுக்கு மிஷின் வைத்தால் பேச்சு புரியும். இரைச்சல் குறையலாம், ஆனால் முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். நேராகப் பேசினார். நேராகப் பேசியது எனக்கு ஆறுதலாக இருந்தது.

"ஷேவிங் மிஷினா?" என்று மட்டும் கேட்டார் கடைசியில். இவர் தலையாட்டியதும் அவரும் தலையாட்டினார்.

காது மிஷின் வருவதற்கு முன்பே வண்டியை எடுத்துவிட்டார்கள். பாய் முன்சீட்டில், நான் பின்சீட்டில். ரேடியோவில் ஒரு பெண் செய்தி வாசித்தார். இவருக்குச் சொற்கள் பிடிபடவில்லை. பாய் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார், கொஞ்சம் தன் சரக்கும் சேர்த்து. செய்தியில் இல்லாத இரண்டு மந்திரிகளுக்கு அன்று பதவி போனது.

கோயிலுக்குள் நானும் இவரும் போய் வந்தோம். பாய் வெளியே மதில் நிழலில் நின்று வண்டியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குத் தோலைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் இவர் பாலாற்றின் ஓரமாக ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். ஆற்றில் அங்கங்கே மட்டும் தண்ணீர். மற்றபடி மணல்.

இஞ்சினை அணைத்தார். பாயிடம் ரேடியோவைக் காட்டினார். பாய் அதையும் அணைத்தார்.

"இப்ப உங்களுக்கு இன்னா கேக்குது?" என்றார்.

நான் காது கொடுத்தேன். உச்சிவெயில். இலைகூட ஆடவில்லை. ரோடு தூரத்தில் இருந்தது.

"ஒண்ணுமில்ல தனபாலு" என்றார் பாய்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

"எப்டி இருக்கு அது?"

பாய் திரும்பி என்னைப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று கேட்கிற மாதிரி இருந்தது. நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"நல்லாருக்குது" என்றார் பாய். "ரொம்ப நல்லாருக்குது தனபாலு."

இவர் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாம்" என்றார். "நீங்க கேளுங்க."